அடாரி எஸ்டியின் டெஸ்க்டாப்.ஐஎன்எஃப்: இயந்திரம் தனக்கே எழுதிக்கொண்ட சீட்டு

கேள்வி இதுதான். அடாரி எஸ்டி வரிசையைச் சேர்ந்த பழைய வீட்டுக் கணினி, 1040 எஸ்டிஎஃப் ஒன்று, உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இயக்கும்போதெல்லாம் பெரிய பெரிய எழுத்துகளோடு 40 பத்தித் திரையில் (வரிக்கு 40 எழுத்து) எழுகிறது. இணைத்த ஹார்டு டிஸ்க்குக்கு ஐகானே வரவில்லை. அந்தப் பச்சைப் பின்னணி கண்ணைக் குத்துகிறது. தினமும் திறக்கும் நிரல் தானாகவே ஓடினால் நன்றாக இருக்கும். இதற்கெல்லாம் டெஸ்க்டாப்.ஐஎன்எஃப் கோப்பைத் திருத்த வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் # குறியும் @ குறியும் எண்களுமாக ஒன்றும் விளங்கவில்லை.

விளங்காததற்கு நீங்கள் பொறுப்பல்ல. அந்தக் கோப்பு மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை. "டெஸ்க்டாப்பைச் சேமி" என்று ஆப்ஷன்ஸ் மெனுவில் சொன்னதும், அந்த நேரத்தில் திரையில் எது எங்கே இருந்ததோ அதை டெஸ்க்டாப் தன் சொந்த நினைவுக்காகக் குறித்து வைக்கும் சீட்டு அது. மளிகைக் கடைக்காரர் தன் பேரேட்டில் கிறுக்கி வைத்திருப்பாரே, அதைப் போல. அவருக்கு ஒரு பார்வையில் புரியும். நமக்கு ஒவ்வொரு கோடும் எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை மனதில் வைத்தால் கோப்பின் குணம் முழுவதும் பிடிபடும். விளக்கக் குறிப்பு எழுத இடமில்லை. எந்த எண்ணுக்கும் பெயரில்லை. வரியில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே அதற்குப் பொருள்.

எழுத்துகளைப் பற்றி முதலிலேயே ஓர் உடன்பாடு. கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இங்கே அவற்றின் பெயரைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தின் நாலாவது எழுத்து "டி", இருபதாவது எழுத்து "டீ". இரண்டாவது எழுத்து "பி", பதினாறாவது "பீ". சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இந்தக் கோப்பில் வெவ்வேறு. சின்ன எழுத்து வரும் இடத்தில் மட்டும் சின்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு சாதாரணக் கோப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

#ஈ 9பி 02
#டபிள்யூ 00 00 02 0பி 26 09 00 @
#எம் 00 00 00 எஃப்எஃப் ஏ ஃப்ளாப்பி டிஸ்க்@ @
#டீ 00 03 02 எஃப்எஃப்   ட்ராஷ்@ @
#எஃப் எஃப்எஃப் 04   @ *.*@
#ஜி 03 எஃப்எஃப்   *.பீஆர்ஜி@ @

# குறிக்கு அடுத்த எழுத்து, அந்த வரி எதைப் பற்றியது என்று சொல்கிறது. @ குறி ஒரு சொல் அல்லது பாதை முடிந்தது என்பதற்கு அடையாளம். எண்கள் எல்லாம் பதினாறுநிலை எண்கள்: 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை போகும். ஆகவே 26 என்று பார்த்தால் இருபத்தாறு என்று படிக்காதீர்கள். இரண்டு பதினாறும் ஒரு ஆறும், அதாவது 38. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கோப்பு திறந்துகொள்ளும்.

திருத்துவதற்கு முன் இரண்டு விஷயங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலாவது, இந்தக் கோப்பை இயந்திரம் எழும்போது ஒரே முறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பிறகு வட்டில் இருக்கும் கோப்பை அது திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினேன். முடித்த திருப்தியில், பழக்க தோஷத்தில், மெனுவுக்குப் போய் "டெஸ்க்டாப்பைச் சேமி" என்பதை அழுத்தினேன். நினைவகத்தில் இருந்த பழைய நிலை அப்படியே என் திருத்தங்களின் மேல் எழுதப்பட்டுவிட்டது. திருத்தியபின் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் சேமிக்காமல் பின்பக்க ரீசெட் பொத்தானை அழுத்துவது.

இரண்டாவது, எந்தக் கோப்பைத் திருத்துகிறீர்கள் என்பது. இயந்திரம் ஃப்ளாப்பியிலிருந்து எழுந்தால் ஏ டிரைவின் வேர்க் கோப்புறையில் உள்ளதைப் படிக்கும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எழுந்தால் சி டிரைவில் உள்ளதைப் படிக்கும். "நான் மாற்றியது எதுவுமே நடக்கவில்லை" என்ற புலம்பல்களில் பெரும்பாலானவை, சி படிக்கப்படும்போது ஏயைத் திருத்திக்கொண்டிருப்பதால் வருபவை.

பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கோப்பு அடியோடு காணாமல் போனாலும் இயந்திரம் எழும். ரோம் என்ற அழியாத நினைவகச் சில்லில் பொதிந்திருக்கும் இயல்பு நிலையை எடுத்துக்கொள்ளும். கோப்பைக் கெடுத்துவிட்டால் அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இருந்தாலும் பின்னொட்டை மாற்றி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் சிக்கல், ரெசல்யூஷன். அது #ஈ வரியில் இருக்கிறது. இரண்டு எண்களில் இரண்டாவதின் வலப்பக்க இலக்கம்தான் திரை: 1 என்றால் 320க்கு 200, 16 நிறம். 2 என்றால் 640க்கு 200, 4 நிறம். 3 என்றால் 640க்கு 400, கறுப்பு வெள்ளை. உங்கள் கோப்பில் 01 இருக்கும். 02 ஆக்குங்கள், 80 பத்தித் திரை வந்துவிடும். 3 என்பது அடாரியின் எஸ்எம்124 போன்ற ஒற்றைநிற மானிட்டருக்கு மட்டும். வண்ண மானிட்டரை மாட்டிக்கொண்டு 3 என்று எழுதிப் பயனில்லை, ஏனென்றால் எந்த மானிட்டர் மாட்டியிருக்கிறது என்பதை இயந்திரம் கம்பி வழியாகவே தெரிந்துகொள்கிறது. இடப்பக்க இலக்கத்தைத் தொடாதீர்கள். பிந்தைய பதிப்புகள் அங்கே வேறு சங்கதிகளை வைத்திருக்கின்றன.

முதல் எண்தான் சுவையானது. 9பி என்பதை இருநிலையில், அதாவது 0, 1 மட்டுமே உள்ள எண்முறையில், பிரித்தால் 1001 1011. இதில் ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட். இடமிருந்து முதல் பிட் 1: கோப்புகளை ஐகானாகக் காட்டாமல் எழுத்துப் பட்டியலாகக் காட்டு. அடுத்த இரண்டு பிட் 00: பெயர் வரிசைப்படி அடுக்கு. 01 என்றால் தேதி, 10 என்றால் அளவு, 11 என்றால் வகை. மெனுவில் இருக்கும் அதே வரிசை. அடுத்த பிட் 1: அழிக்கும் முன் கேள். அதற்கடுத்தது 1: நகலெடுக்கும் முன் கேள். கடைசி மூன்று பிட், இங்கே 011, இரட்டைக் கிளிக்கின் வேகத்துக்கு.

இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நகலெடுக்கும்போதெல்லாம் "உறுதிதானா" என்று கேட்பது எரிச்சல் என்றால், அந்த பிட்டின் மதிப்பு 8. 9பியிலிருந்து 8 போனால் 93. கூடவே ஐகானாகக் காட்ட வேண்டும் என்றால் 80ஐயும் கழியுங்கள்: 13. அளவுப்படி அடுக்க 40ஐக் கூட்டுங்கள்: 53. அழிக்கும் முன் கேட்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இந்த டெஸ்க்டாப்பின் குப்பைக்கூடை, பிற்காலக் கணினிகளில் இருப்பதைப் போலப் போட்டதைத் திருப்பித் தரும் கூடை அல்ல. போட்டால் போனதுதான்.

நான்கு #டபிள்யூ வரிகள் உங்கள் கோப்பில் இருக்கும். அடாரியின் முதல் தலைமுறை டெஸ்க்டாப்பில் ஒரே நேரத்தில் நான்கு கோப்புறை விண்டோக்கள்தான் திறக்கலாம். ஆளுக்கு ஒரு வரி. இதன் பின்னால் ஒரு கதை உண்டு. இந்த டெஸ்க்டாப்பை எழுதிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம், ஜெம் என்ற பெயரில் இதையே ஐபிஎம் பிசிக்கும் விற்றது. மேக்கின் சாயல் அதிகம் இருக்கிறது, வழக்குப் போடுவோம் என்று ஆப்பிள் மிரட்டியதால், பிசிக்கான அடுத்த பதிப்பில் குப்பைக்கூடையை எடுத்துவிட்டார்கள். ஒன்றின்மேல் ஒன்று வரும் விண்டோக்களும் போய், நகர்த்த முடியாத இரண்டே விண்டோ மிஞ்சின. அடாரி தன் பிரதியைத் தனியாக வளர்த்ததால் அந்தக் கத்தரி அதன்மேல் விழவில்லை. உங்கள் கோப்பில் நான்கு #டபிள்யூவும் ஒரு #டீயும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கறிஞர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

வரியைப் படிப்பது எளிது. முதல் இரண்டு எண்கள் விண்டோவின் உருள்பட்டைகள் நிற்கும் இடம். அடுத்த இரண்டு, விண்டோ எங்கே தொடங்குகிறது: இடமிருந்து எத்தனையாவது பத்தி, மேலிருந்து எத்தனையாவது வரி. பிறகு அகலம், உயரம். புள்ளிக் கணக்கு அல்ல, எழுத்துக் கணக்கு. மேலே உள்ள வரி, 2வது பத்தியில் 11வது வரியில் தொடங்கி, 38 எழுத்து அகலமும் 9 வரி உயரமும் உள்ள விண்டோ. 640 புள்ளித் திரையில் 80 எழுத்து, 25 வரி. ஆகவே திரையின் வலது பாதி முழுவதும் வேண்டும் என்றால், 40வது பத்தியில் மெனுவுக்குக் கீழே தொடங்கி 40 அகலம், அதாவது 28 01 28 என்று எழுதி, உயரத்துக்கு 17 போட்டால் 23 வரி கிடைக்கும். @ குறிக்கு முன் ஒரு பாதை இருந்தால் இயந்திரம் எழும்போது அந்த விண்டோ திறந்தே வரும். பாதையைக் கையால் எழுதுவதைவிட, வேண்டிய விண்டோவைத் திறந்து வைத்துச் சேமித்துவிட்டு, எண்களை மட்டும் பிறகு திருத்துவது நல்லது. எழுத வேண்டியதை இயந்திரமே எழுதட்டும். நாம் அதன் கையெழுத்தில் ஓரிரு எழுத்தை மட்டும் மாற்றுவோம். இந்தக் கோப்பில் எதற்கும் நான் பின்பற்றும் முறை இதுதான்.

ஹார்டு டிஸ்க் ஐகான் வராததற்குக் காரணம், பழைய பதிப்புகள் தாமாகத் தேடிப் பார்ப்பதில்லை. டிரைவ் இணைந்திருக்கும், வேலையும் செய்யும். ஆனால் சீட்டில் பெயர் இல்லாததால் திரையில் வராது. #எம் வரிதான் டிரைவுக்கானது: முதல் இரண்டு எண் திரையில் ஐகான் நிற்கும் கட்டம், மூன்றாவது ஐகானின் எண், எஃப்எஃப் என்றால் "எதுவும் இல்லை", பிறகு டிரைவின் எழுத்து, பிறகு அடியில் தெரியும் பெயர். ஏ வரியை நகலெடுத்து, கட்டத்தை 02 00 ஆக்கி, எழுத்தை சி ஆக்கி, பெயரை மாற்றினால் போதும்.

கோப்பையே தொடாமலும் இதைச் செய்யலாம். ஏ ஐகானை ஒரு கிளிக்கில் தேர்ந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் டிரைவ் நிறுவும் கட்டளையைக் கொடுத்து, எழுத்தை சி என்று மாற்றி, பெயரிட்டு, நிறுவி, டெஸ்க்டாப்பைச் சேமியுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சி பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன சி என்று கொடுத்தால் அது ஹார்டு டிஸ்க் அல்ல, இயந்திரத்தின் இடப்பக்கத்தில் உள்ள கார்ட்ரிட்ஜ் துளை. ஐகான் அழகாக வரும், திறந்தால் ஒன்றும் இருக்காது, ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கவலைப்படுவீர்கள்.

பெயர் எது வேண்டுமானாலும் வைக்கலாம், 12 எழுத்துக்குள் இருந்தால் சரி. தமிழில் வைக்க வழியில்லை. எஸ்டியின் எழுத்துத் தொகுதியில் ஹீப்ரு எழுத்துகள் முழுவதும் இருக்கின்றன, கிரேக்கம் கொஞ்சம் இருக்கிறது. 256 இடத்தில் நமக்கு ஒரு அகரம்கூட இல்லை.

#டீ வரியைப் பார்த்தால் எஃப்எஃப்புக்குப் பின் மூன்று இடைவெளி இருக்கும். நடுவில் இருப்பது, டிரைவின் எழுத்து உட்கார வேண்டிய காலி நாற்காலி. கூடைக்கு டிரைவ் எழுத்து இல்லை. ஆனால் நாற்காலி இருந்தாக வேண்டும். என் புதுக் கணினியின் எடிட்டர் "கூடுதல்" இடைவெளிகளைச் சுருக்கும் நல்ல பழக்கம் உடையது. அது மூன்றை ஒன்றாக்கியதில் கூடையின் பெயர் சிதைந்து நின்றது. இடமறிந்து வைத்த எண்களுக்கு மட்டுமல்ல, இடைவெளிக்கும் இங்கே பொருள் உண்டு. வரி முடிவுகளும் அப்படியே: பழைய டாஸ் வழக்கப்படி ஒவ்வொரு வரியும் இரண்டு கட்டுப்பாட்டு எழுத்துகளோடு முடிய வேண்டும். லினக்ஸிலோ மேக்கிலோ திருத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். எஸ்டியிலேயே திருத்துவதாக இருந்தால், அக்காலத்தில் இயந்திரத்தோடு கொடுக்கப்பட்ட ஃபர்ஸ்ட் வேர்ட் என்ற சொற்செயலி போதும். அதன் ஆவணப் பயன்முறையை அணைத்துவிட்டுச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சுக் கட்டளைகளையும் கோப்பில் சொருகிவிடும். வெறுமனே பார்க்க மட்டும் என்றால், கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே காட்டவா, அச்சிடவா என்று கேட்கும்.

பச்சைத் திரைக்கு வருவோம். அது சின்ன சி எழுத்தில் தொடங்கும் நீண்ட வரியில் இருக்கிறது. என் கோப்பில் இடைவெளியே இல்லாமல் 55 இலக்கங்கள். முதல் 48ஐ மூன்று மூன்றாகப் பிரியுங்கள்: 777, 000, 700, 060, 007 என்று 16 நிறங்கள் வரும். ஒவ்வொரு மூன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை; ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை. எட்டை மூன்று முறை பெருக்கினால் 512. எஸ்டிக்கு 512 நிறம் என்று விளம்பரம் செய்தார்களே, அந்தக் கணக்கு இதுதான். 777 வெள்ளை, 000 கறுப்பு, 700 சிவப்பு, நாலாவதாக நிற்கும் 060தான் உங்கள் பகைவன். டெஸ்க்டாப்பின் பின்னணி இந்த நாலாவது நிறத்தால் நிரப்பப்படுகிறது. 4 நிறத் திரையிலும் இருப்பவை இதே முதல் நான்குதான், ஆகவே அங்கேயும் பச்சை.

060ஐ எடுத்துவிட்டு 246 என்று எழுதிப் பாருங்கள். பச்சை போய், மழைக்கு முந்தைய வானம் போன்ற நீலம் வரும். 444 என்றால் சாம்பல். முதல் இரண்டை மட்டும் மாற்றும்போது கவனம்: வெள்ளையும் கறுப்பும் ஒன்றுக்கொன்று நெருங்கினால் மெனுவில் எழுத்தே தெரியாது, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டுதான் திரும்பி வர வேண்டும். கடைசி 7 இலக்கங்கள் கன்ட்ரோல் பேனலின் வேறு அமைப்புகள். அவற்றை விட்டுவிடுங்கள்.

கன்ட்ரோல் பேனல் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன ஏ, சின்ன பி, சின்ன சி ஆகிய மூன்று வரிகளும் டெஸ்க்டாப்புக்குச் சொந்தமானவை அல்ல. அவை கன்ட்ரோல்.ஏசிசி என்ற துணைநிரலின் உடைமை: ஏ சீரியல் துறைக்கு, பி பிரிண்டருக்கு, சி நிறத்துக்கு. டெஸ்க்டாப் தன் சீட்டை வைத்திருக்கும் நினைவகப் பகுதியைப் பிற நிரல்களும் வாங்கித் திருத்தித் திருப்பிக் கொடுக்க ஜெம்மில் வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனல் அப்படித்தான் தன் மூன்று வரிகளை அதன் தலையில் எழுதி வைக்கிறது. அதனால்தான் அதில் நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது, பிறகு டெஸ்க்டாப்பைச் சேமிக்கவும் வேண்டும். ஆகவே நிறத்தை மாற்றிய வட்டில் அந்தத் துணைநிரலும் இருக்கட்டும்.

மீதி வரிகள் எந்தக் கோப்பை எப்படி நடத்துவது என்பதற்கானவை. #ஜி என்பது ஜெம்மைப் பயன்படுத்தும் நிரல், #எஃப் என்பது வெறும் டிஓஎஸ் நிரல், #பீ என்பது தொடங்குமுன் உங்களிடம் ஒரு வரி உள்ளீடு கேட்டுப் பெறும் டிஓஎஸ் நிரல், #டி கோப்புறை. (டிஓஎஸ், ஆங்கிலத்தில் TOS, என்பது அடாரியின் இயக்க முறைமை; மைக்ரோசாஃப்டின் டாஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) எண்கள் ஐகானுக்கு: 01 கோப்புறை, 03 நிரல், 04 தாள். பொதுவான வரிகளை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை. பயன்படுவது இன்னொரு வடிவம். ஃபர்ஸ்ட் வேர்டைத் தேர்ந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் நிரலை நிறுவும் கட்டளையில் டிஓசி என்ற பின்னொட்டைக் கொடுத்துச் சேமித்தால், புதிதாக ஒரு #ஜி வரி சேரும்: முதல் @ வரை நிரலின் பெயர், இரண்டாவது @ வரை *.டிஓசி. அதன்பின் எந்தக் கடிதத்தை இரட்டைக் கிளிக் செய்தாலும் ஃபர்ஸ்ட் வேர்டு திறக்கும். சாதாரண வரிகளில் அந்த இரண்டாவது இடம் காலியாக இருப்பதையும், #எஃப் வரியில் முதல் இடம் காலியாகவும் இரண்டாவதில் *.* இருப்பதையும் இப்போது பாருங்கள். "எந்த நிரலுக்கும் சொந்தமில்லாத எல்லாத் தாள்களும்" என்பதை அந்தச் சீட்டு அப்படிச் சொல்கிறது.

கடைசியாக, தானாக ஓடும் நிரல். ஆட்டோ என்ற கோப்புறையில் போட்டால் ஓடும் என்று சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. ஆட்டோ கோப்புறை நிரல்கள், ஜெம் எழுந்திருக்கும் முன்பே ஓடிவிடுகின்றன. மெனுவும் விண்டோவும் வேண்டும் நிரல் அங்கே போனால், இல்லாத ஜெம்மைக் கூப்பிட்டு விழுந்துவிடும். அத்தகைய நிரலுக்குத்தான் #இசட் வரி. கோப்பின் முதல் வரியாக இப்படி எழுத வேண்டும்:

#இசட் 01 சி:\வேலை\நிரல்.பீஆர்ஜி@

01 என்றால் ஜெம் நிரல், 00 என்றால் டிஓஎஸ் நிரல். பாதையில் உங்கள் உண்மையான கோப்புறைப் பெயரைப் போடுங்கள். இது 1989இல் வந்த டிஓஎஸ் 1.04 முதல்தான் வேலை செய்யும். உங்கள் 1040இல் எந்தப் பதிப்பு என்று அறிய, டெஸ்க் மெனுவின் முதல் வரியைத் திறந்து, வண்ணத் திரையில் அடாரிச் சின்னம் வானவில் நிறத்தில் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் 1.04, அந்தப் பதிப்புக்கு வானவில் டிஓஎஸ் என்றே பெயர். ஓடாவிட்டால் #இசட் வரி எழுதிப் பயனில்லை. அடுத்து எஸ்டிஇயோடு வந்த 1.06இல் வேறொரு தொல்லை: சீட்டில் 02 என்று சரியாக எழுதியிருந்தாலும் 640 புள்ளித் திரையில் எழ மறுக்கும். அதைச் சரிசெய்ய எஸ்டிஇ_ஃபிக்ஸ் என்ற சிறு நிரலை அடாரி வெளியிட்டது. அது ஆட்டோ கோப்புறையில் இருக்க வேண்டும்.

பிற்காலத்தில் மெகா எஸ்டிஇ போன்ற இயந்திரத்துக்கு மாறினால், டிஓஎஸ் 2 தொடரில் கோப்பின் பெயரே நியூடெஸ்க்.ஐஎன்எஃப் ஆகிவிடும். விண்டோ வரிகள் ஏழாகும். ஐகான்கள் ரோமை விட்டு டெஸ்க்ஐகான்.ஆர்எஸ்சி என்ற தனிக் கோப்புக்கு வந்ததால் நாமே வரைந்துகொள்ளலாம். #கே என்ற புது வரியில் மெனுக் குறுக்குவிசைகள் வரிசையாக இருக்கும். 4எஃப் என்பது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் ஆங்கில "ஓ" எழுத்தின் எண், இப்படியே படித்துக்கொண்டு போகலாம். #க்யூ வரி பின்னணிக்கானது: ஒற்றைநிறம், 4 நிறம், 16 நிறம் ஆகிய மூன்று திரைக்கும் டெஸ்க்டாப்புக்கு ஒன்று, விண்டோவுக்கு ஒன்றாக ஆறு எண். இட இலக்கம் கோலம், வல இலக்கம் நிறம். 41 என்றால் கறுப்புப் புள்ளிகள் தூவிய சாம்பல். 73 என்றால் முழுப் பச்சை. உங்களுக்குப் பிடிக்காத அதே பச்சை.

இயந்திரத்தில் கை வைக்கும் முன் ஒத்திகை பார்க்க விரும்பினால் ஹடாரி என்ற இலவச எமுலேட்டர், அதாவது இன்றைய கணினியில் எஸ்டியைப் போல நடிக்கும் நிரல், இருக்கிறது. உங்கள் கணினியின் ஒரு கோப்புறையையே எஸ்டியின் சி டிரைவாகக் காட்டும், ஆகவே கோப்பைத் திருத்துவதும் மறுபடி இயக்குவதும் சில நொடி வேலை. அதனோடு வரும் எமுடிஓஎஸ் என்ற கட்டற்ற ரோம், எமுடெஸ்க்.ஐஎன்எஃப் என்ற தன் சொந்தக் கோப்பைத்தான் படிக்கும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று: ஹடாரியில் "இந்த நிரலைத் தானாக ஓட்டு" என்று அமைப்பில் சொல்லியிருந்தால், அது #இசட் வரி சேர்த்த ஒரு போலிச் சீட்டைத் தயாரித்து, உங்கள் கோப்புக்குப் பதில் அதை நீட்டிவிடும். உங்கள் திருத்தம் எதுவும் பலிக்காதது போல் தோன்றினால் அந்த அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

மற்ற வீட்டுக் கணினிகளோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. அமிகாவில் இப்படி ஒற்றைச் சீட்டே கிடையாது. ஒவ்வொரு ஐகானும் தான் நிற்கும் இடத்தைத் தன் .இன்ஃபோ கோப்புக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கும். ஏகார்னின் ஆர்க்கிமிடீஸில் தொடக்கக் கோப்பு கட்டளைகளின் பட்டியல்: இந்தக் கோப்புறையைத் திற, இந்த நிரலை ஓட்டு என்று படித்தாலே புரியும். அங்கே பழகியவர்கள் எஸ்டிக்கு வந்து, இந்தச் சீட்டிலும் கட்டளை எழுதப் பார்க்கிறார்கள். #இசட் தவிர இதில் கட்டளையே கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை: முதலில் மெனு வழியாக சி டிரைவை நிறுவுங்கள், விண்டோக்களை வேண்டிய இடத்தில் வையுங்கள், சேமியுங்கள். பிறகு கோப்பைத் திறந்து #ஈ வரியில் 02, சின்ன சி வரியில் நாலாவது நிறம். ரீசெட். #இசட் வரியை மட்டும் எடுத்தவுடன் ஹார்டு டிஸ்க்கில் எழுத வேண்டாம். நிரல் உறைந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் இயந்திரம் எழுந்து அதிலேயே போய் விழும். ஹார்டு டிஸ்க்கை அணைத்துவிட்டு ஒரு ஃப்ளாப்பியில் சோதித்துப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் ஃப்ளாப்பியை உருவிவிட்டு வேறொன்றைப் போட்டு இயக்கலாம்.